கடற்காகங்கள் கதிரவெளிக்கு வந்த நாள்

றபீக்காவின் அடையாள அட்டை அந்தப் பிள்ளையின் கையில் இருந்தது. முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், அட்டைக்குள் இன்னொரு றபீக்கா ஒளிந்திருக்கிறாளோ என்று தேடுகிறவள் போல.

இடம், பனிச்சங்கேணிப் பாலத்துக்குச் சற்று இந்தப் பக்கம். ஓலைக் கொட்டில் ஒன்று, மண் மூட்டைகள், வீதிக்குக் குறுக்கே கயிறு கட்டிய ஒரு தடி. உச்சி வெயில். வாவிப் பக்கமிருந்து வந்த காற்றிலும் சூடுதான். பிள்ளைக்குப் பத்தொன்பது, இருபது வயது இருக்கலாம். இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டியிருந்தாள். தோளில் துவக்கு. இயக்கத்துப் பிள்ளை. அந்தத் தடிக்கு அங்கால் அவர்களுடைய ஆட்சி.

“ஓட்டமாவடியா?” என்று கேட்டாள். முஸ்லிம் ஊர் அது; அந்த ஊர்க்காரர்மேல் இயக்கத்துக்குச் சந்தேகம்.

“ஓம்” என்றாள் றபீக்கா.

“இங்கால எதுக்கு வந்தநீங்க?”

“பாட்டுக் கேக்க.”

“பாட்டுக் கேக்கவா? ஏன், உங்கட ஊர்ல பாட்டு இல்லையா?”

“இரிக்கி. இந்தப் பாட்டு இல்ல.”

கூட வந்த தோழி ஜெசிந்தா என் முழங்கையைக் கிள்ளினாள். இந்த நேரத்தில் இப்படியா பதில் சொல்வது என்று அர்த்தம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தப் பிள்ளை அட்டையைத் தன் சட்டைப் பைக்குள் போட்டாள்.

“நீங்க ரெண்டு பேரும் வேனோட போகலாம். இந்த அக்கா இரிக்கணும். பொறுப்பாளர் வந்து கதைச்சாத்தான் விடலாம்.”

“அவர் எப்ப வருவார்?” என்று நான் கேட்டேன்.

“வருவார்.”

அந்தக் காலத்தில் இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே எங்களுக்குப் பாதி ஆயுள் போயிற்று. பஸ் வரும். கரண்ட் வரும். ரயில் வரும். பங்கீட்டு மா வரும். சமாதானமும் வரும் என்றுதான் வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் வரும், எப்போது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

நாங்கள் போக இருந்தது கதிரவெளிக்கு. அங்கே பள்ளிக்கூட மைதானத்தில் அன்று பின்னேரம் ‘கடற்காகங்கள்’ பாடுகிறார்கள்.

சேவல் கூவிய கசட்

சென்ற வாரம் கல்லடியில் நான் தட்டெழுத்துப் படிப்பித்த நிலையத்தைப் பற்றி எழுதியிருந்தேன். கடற்காகங்கள் எங்களுக்கு அறிமுகமானதும் அங்கேதான்.

திருகோணமலைப் பக்கத்து இசைக்குழு அது. இரண்டு கிற்றார், ஒரு ஓர்கன், ஒரு டிரம்ஸ், கண்ணாடி போட்ட ஒரு பாடகி. தாங்களே பாட்டு எழுதுவார்கள், தாங்களே மெட்டுப் போடுவார்கள். அதுவரை எங்கள் பக்கத்துக்கு வந்த இசைக்குழுக்கள் சினிமாப் பாட்டைப் பாடிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போனவைதான். இவர்கள் பாடியது காய்ந்த துணியைப் பற்றி, கூப்பன் கடையைப் பற்றி, மீன் வாங்கப் போய் மழையில் நனைந்ததைப் பற்றி. பேரைக் கேட்டதும் என் அப்பாவுக்கு எரிச்சல். “காகம் பாடி ஆர் கேட்ட?” என்பார். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடித்தவர் போலவே சொல்லுவார்.

கசட்டைக் கொண்டுவந்தவள் ஜெசிந்தா. ஆஸ்பத்திரியில் தாதி. புளியந்தீவில் வீடு. பின்னேரங்களில் தட்டெழுத்துப் பழக வருவாள். வந்தது எழுத்தடிக்க அல்ல, இரைச்சல் போட. மெசினின் சத்தத்துக்கு மேலால் பாடிக்கொண்டே அடிப்பாள். அடித்தது முழுவதும் பிழையாக இருக்கும்.

றபீக்கா ஓட்டமாவடியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஆசிரியை. பயிற்சி வகுப்பொன்றுக்காக மட்டக்களப்பில் தங்கியிருந்தபோது எங்களோடு ஒட்டிக்கொண்டாள். அதிகம் பேசமாட்டாள். பாட்டு ஓடும்போது கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். நித்திரை என்றுதான் நாங்கள் முதலில் நினைத்தோம்.

அந்தக் கசட் கடையில் விற்றதல்ல. யாரோ ஒருவர் வீட்டில், ஒரு ரேப் ரெக்கோடருக்கு முன்னால் இன்னொன்றை வைத்துப் பதிந்தது. அதிலிருந்து இன்னொருவர் பதிந்தார், அதிலிருந்து இன்னொருவர். எங்கள் கைக்கு வரும்போது பாடகி கிணற்றுக்குள் நின்று பாடுவதாகக் கேட்கும். ‘உப்புக் காத்தே’ என்ற பாட்டில், இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் நடுவில், ஒரு சேவல் கூவும். முதன்முதலில் பதிந்த வீட்டுச் சேவல். அது பாட்டின் பகுதி இல்லை என்பது எங்களுக்கு வெகுகாலம் தெரியாது. நாங்கள் பாடும்போதும் அந்த இடத்தில் நிறுத்தி, கூவிவிட்டுத்தான் தொடருவோம்.

கிறிஸ்ரி அண்ணனின் வேன்

கதிரவெளிக் கச்சேரிச் செய்தி வந்தது, பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த ஒரு இடைக்காலத்தில். எந்தப் பேச்சுவார்த்தை என்று கேட்காதீர்கள். எனக்கு எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோய்விட்டது. வீதி திறந்திருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. மாங்கேணியில் ஆமியின் தடை, பனிச்சங்கேணியில் இயக்கத்தின் தடை. இரண்டும் பொழுது சாய முன் பூட்டிவிடும். அதனால் கச்சேரியும் பகலில்.

ஜெசிந்தாவின் அண்ணன் கிறிஸ்ரியிடம் ஒரு வேன் இருந்தது. “தங்கச்சிமாரக் கூட்டிப் போறதுக்கு என்ன” என்று பெரிய மனதோடு சொன்னார். காலையில் வேன் வந்து நின்றபோதுதான் அந்தப் பெரிய மனதின் அளவு தெரிந்தது. உள்ளே ஒரே ஒரு இருக்கை. மற்ற இடமெல்லாம் வெங்காய மூட்டை. போகும்போது வெங்காயம், வரும்போது வாகரைக் கருவாடு. பாட்டுக் கேட்க அவர் வரவே இல்லை.

“அண்ணன், நாங்க எங்க இரிக்கிற?” என்றாள் ஜெசிந்தா.

“மூட்டைக்கு மேல இரிங்க. மெத்தை மாதிரித்தான்.”

வெங்காய மூட்டையில் யாராவது இருந்து பார்த்திருக்கிறீர்களா?

தன்னாமுனையில் ஒருவரைப் பார்க்க நிறுத்தினார். ஏறாவூரில் சுருட்டு வாங்க நிறுத்தினார். செங்கலடிச் சந்தியில் பழைய வகுப்புத் தோழர் ஒருவரைக் கண்டு, இறங்கி, அவருடைய மாட்டுக்கு வந்த நோய் வரைக்கும் விசாரித்தார். நாங்கள் மூட்டைக்கு மேல் குந்தியபடி வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். “பாட்டு எங்கயும் ஓடிப்போகாது புள்ள. கருவாடுதான் போயிரும்” என்றார். அப்படியானால் கருவாட்டுக்காகவாவது கொஞ்சம் வேகமாக ஓட்டக்கூடாதா என்று நான் கேட்டேன்.

ஓட்டமாவடியில் றபீக்கா ஏறினாள். அதிலும் ஒரு சிக்கல். மட்டக்களப்பு டவுனில் ஒரு கூட்டாளியின் கலியாணம் என்று உம்மாவிடம் சொல்லியிருந்தாளாம். உம்மா வாசலுக்கு வந்து நின்று வழியனுப்பினார். கலியாண வீட்டில் சாப்பாடு பிந்தும் என்று இடியப்பமும் இறைச்சிக் கறியும் கட்டிக் கொடுத்திருந்தார். ஆகவே வேன் டவுன் பக்கம் திரும்பவேண்டியிருந்தது. கிறிஸ்ரி அண்ணன் வந்த வழியே திரும்பி, வாழைச்சேனை வரை போய், இன்னொரு தெருவால் சுற்றி, மறுபடி ஓட்டமாவடிக்கே வந்தார். எண்ணெய் என்ன சும்மாவா கிடைக்குது என்று முழு வழியும் புறுபுறுத்தார்.

அங்கே பாலம். ரயிலுக்கும் வீதிக்கும் ஒரே பாலம்தான் அப்போது. வீதியை மறிக்கும் படலை பூட்டிக் கிடந்தது.

“ரயில் வருது” என்றார் படலைக்காரர்.

“எங்க வருது?”

“வரும்.”

வந்தது. வெறும் எஞ்சின் மட்டும், ஒரு பெட்டிகூட இல்லாமல், நடைப்பயிற்சிக்கு வந்த பெரிய மனிதரைப் போல ஆறுதலாகப் பாலத்தைக் கடந்தது. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டே உம்மாவின் இடியப்பத்தை முடித்துவிட்டோம்.

பற்றரி

மாங்கேணியில் வெங்காயம் முழுவதையும் இறக்கச் சொன்னார்கள். இறக்கினோம். கம்பியால் ஒவ்வொரு மூட்டையையும் குத்திப் பார்த்தார்கள். பிறகு ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினோம். மூன்று பெண்களும் ஒரு கருவாட்டு வியாபாரியும். எங்கள் கலியாண வீட்டுச் சேலைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஜெசிந்தாவின் பையில் ரேப் ரெக்கோடர் இருந்தது. கச்சேரியை நேரடியாகப் பதியவேண்டும், இந்தக் கிணற்றுக் குரலிலிருந்து விடுதலை வேண்டும் என்பது அவளுடைய பல மாதத் திட்டம். புதுக் கசட் வாங்கி வைத்திருந்தாள். அவளே பேரெழுதி ஒட்டியும் விட்டாள்.

ஆமிக்காரர் ரெக்கோடரைத் திறந்து பற்றரிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். மேசையில் வரிசையாக நிற்கவைத்தார். பிறகு வெறும் ரெக்கோடரை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

“சேர், பற்றரி?”

“பற்றரி தடை.”

“இப்ப சமாதானம்தானே சேர்?”

“சமாதானம் போகலாம்” என்றார் அவர், தெரிந்த தமிழில். “பற்றரி போக ஏலாது.”

ஜெசிந்தா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நான் அவளைத் தள்ளிக்கொண்டு போய் மூட்டைக்கு மேல் ஏற்றினேன். மாங்கேணியிலிருந்து பனிச்சங்கேணி வரை, பற்றைக் காட்டைத் தவிர வேறெதுவும் இல்லாத அந்த வீதி முழுவதும், அவள் அந்த ஆமிக்காரருக்குச் சொல்லவிருந்ததை எங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மணலில்

பனிச்சங்கேணிக்கு வருகிறேன். றபீக்கா இருக்கவேண்டும், நாங்கள் போகலாம் என்று சொன்னதும் ஜெசிந்தா சேலையைச் சுருட்டிக்கொண்டு மணலில் இருந்துவிட்டாள்.

“அப்ப நாங்களும் இரிக்கிறம்.”

“நீங்க போகலாம் எண்டுதானே அக்கா சொன்னன்.”

“போகாம இரிக்கலாம்தானே? அதுக்கும் பொறுப்பாளர் வரணுமா?”

அந்தப் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிறிஸ்ரி அண்ணன் வேனைச் சுற்றி நடந்தார். வெங்காயத்தை இறக்கிவிட்டு வருகிறேன், ஒரு ஓட்டம்தான் என்றார். தங்கை பார்த்த பார்வையில் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு வேலியோரம் போனார்.

எனக்குக் கோபம் எல்லார் மேலும் இருந்தது. இந்தப் பிள்ளைமேல், ஆமிமேல், செங்கலடி மாட்டின்மேல். உண்மையில் அது கோபம் மட்டுமல்ல. அந்த வீதியால் போய்த் திரும்பாதவர்களின் கதைகள் எங்கள் எல்லாருக்கும் தெரியும். றபீக்கா இங்கே இருப்பது அவளுடைய வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவளுடைய அட்டை இன்னொருத்தியின் சட்டைப் பைக்குள் இருக்கிறது.

“பயமா இரிக்கா?” என்று கேட்டேன்.

அவள் முந்தானையால் தலையை மூடியபடி பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இந்த ரோட்டாலதான் பெரிய மாமா நெல்லு வாங்கப் போன. உம்மாட கூடப்பிறந்த நானா. லொறியும் வரல்ல, மாமாவும் வரல்ல. ஆரு செஞ்ச எண்டு இண்டைக்கும் தெரியா.”

இவ்வளவு கால நட்பில் றபீக்கா இதை எங்களிடம் சொன்னதே இல்லை.

“அதுக்காகவா வந்த நீ?” என்று மெதுவாகக் கேட்டேன். “இந்த இடத்தப் பாக்கவா?”

அவள் சட்டென்று திரும்பினாள். அவளுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

“இல்ல புள்ள! பாட்டுக் கேக்கத்தான் வந்த. அவள் கேட்டதுக்கும் அதத்தான் சொன்ன. உங்களுக்கும் அதத்தான் சொல்றன். எனக்கு ஒரு பாட்டு விருப்பம் எண்டா, அதக் கேக்கப் போறத்துக்கு ஒரு காரணம் வேணுமா? நீங்க ரெண்டு பேரும் என்ன காரணத்தோடயா வந்த?”

கொட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் பிள்ளைக்கும் இது கேட்டிருக்கும். அவள் துவக்கை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

நிழல் நகர்ந்தது. நாங்களும் நிழலோடு நகர்ந்தோம். வடக்கேயிருந்து காற்று வீசும்போது தூரத்தில் ஏதோ சத்தம் கேட்டதாக ஜெசிந்தா சொன்னாள். கதிரவெளி அங்கிருந்து எவ்வளவோ தூரம். கேட்கவே முடியாது. ஆனாலும் மூவரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம்.

பொறுப்பாளர் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. அட்டையைப் பார்த்தார். றபீக்காவைப் பார்த்தார். எங்கள் கசங்கிய சேலைகளைப் பார்த்தார்.

“கச்சேரிக்கா? பிறகேன் இவங்கள இவ்வளவு நேரம் மறிச்சு வெச்ச?” என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் நாங்கள் உச்சி வேளையிலிருந்து வெயிலில் காய்ந்தோம். அவர் ரெக்கோடரையும் வாங்கித் திறந்து பார்த்தார்.

“எங்க பற்றரி?”

“ஆமி எடுத்திட்டான்” என்றாள் ஜெசிந்தா.

“நாங்க எடுக்க வேண்டியத அவன் எடுத்திட்டானா?” என்று சிரித்தார். எங்களில் ஒருத்திக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பிள்ளை அட்டையைத் திருப்பிக் கொடுத்தபோது றபீக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. றபீக்காவும் பார்க்கவில்லை.

மேடை

கதிரவெளியில் கிறிஸ்ரி அண்ணன் எங்களை இறக்கிவிட்டு, நிற்கக்கூடச் செய்யாமல், வந்த வழியே வாகரைக்குப் பறந்தார். அவருக்கும் வேகமாக ஓட்டத் தெரியும் என்று அப்போதுதான் கண்டோம்.

மைதானம் நிறையச் சனம். மணலில் பாய் விரித்துக் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். மேடை என்பது வகுப்பறை வாங்குகளை அடுக்கிப் பலகை போட்டது. ஜெனரேற்றர் ஒன்று மேடைக்குப் பக்கத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது, அதுவும் குழுவில் ஒருவர் என்பதுபோல. பெரும்பகுதி முடிந்துவிட்டது என்று பக்கத்திலிருந்த அம்மா ஒருவர் சொன்னார். “இவ்வளவு நேரமும் எங்க புள்ளையள் போன?” என்று வேறு கேட்டார்.

பாடகியை அன்றுதான் பார்த்தோம். நான் கற்பனை செய்திருந்த ஆள் அல்ல. குள்ளமாக, பள்ளிக்கூட அதிபர் போலக் கண்டிப்பாக இருந்தார். தோளில் ஒரு துவாய். இருமிக்கொண்டே மைக்கைச் சரிசெய்தார். ‘உப்புக் காத்தே’ தொடங்கியது.

*உப்புக் காத்தே, உப்புக் காத்தே, ஊர்ப் பக்கம் போகாத,*
*காஞ்ச துணி ஈரமாச்சு, கட்டிக்கொள்ள ஏதுமில்ல…*

கிணற்றிலிருந்து அந்தக் குரல் வெளியே வந்துவிட்டது. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. இரண்டாம் அடி முடிந்தது. பழக்க தோசத்தில் நாங்கள் மூவரும் வாயைத் திறந்து கூவினோம்.

நாங்கள் மட்டுமல்ல. முன்னாலிருந்த பெடியன்கள் கூவினார்கள். பின்னாலிருந்த கிழவர் கூவினார். பாயிலிருந்த பிள்ளைகள், மரத்தில் ஏறியிருந்தவர்கள், அந்தப் பக்கத்து அம்மா, முழு மைதானமும் ஒரே குரலில் சேவலாகக் கூவியது.

பாடகி பாட்டை நிறுத்திவிட்டார். கிற்றார்காரர் கையை எடுத்துவிட்டார்.

“என்ன இது?” என்றார் பாடகி மைக்கில். அவருக்கு உண்மையாகவே கோபம். “ஆரு கூவின? பிடிக்காட்டிச் சொல்லுங்க, இறங்கிப் போறம்.”

சனம் குழம்பிப்போயிற்று. எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். அப்போதுதான் எங்களுக்கே விளங்கியது. வாகரையில், கதிரவெளியில், மட்டக்களப்பில், எல்லார் வீட்டிலும் இருந்தது அந்த ஒரே கசட்டின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். யாரோ ஒருவர் எழும்பி, “கசட்டில அப்பிடித்தான் அக்கா இரிக்கி” என்று சத்தமாகச் சொன்னார். பாடகிக்கு அது விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. விளங்கியதும் துவாயால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. மைக்கில் அந்தச் சிரிப்பும் கேட்டது. பிறகு பாட்டை முதலிலிருந்து தொடங்கினார். அந்த இடம் வந்ததும் தானே நிறுத்தி, எங்களுக்குக் கையைக் காட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு புதுப் பாட்டு. இன்னும் எங்கும் பதியாத பாட்டு என்று சொன்னார். ஜெசிந்தா வெறும் ரெக்கோடரை மடியில் வைத்து இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஒருத்தியின் பாட்டு அது. துள்ளல் மெட்டு. சனம் கைதட்டிச் சிரித்துக் கேட்டது. கடைசி அடியில்தான் கைதட்டு மெதுவாக நின்றது.

அத்தோடு முடிந்தது. பொழுது சாய முன் வெருகல் துறையைக் கடக்கவேண்டும் என்று அவர்கள் வயரைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். ஜெசிந்தா எங்களை இழுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனாள். பாடகியிடம் சொல்ல எத்தனையோ வைத்திருந்தாள்.

“அக்கா, நாங்க மட்டக்களப்பிலயிருந்து உங்களப் பாக்கத்தான்…”

“தண்ணி இரிக்கா தங்கச்சி?” என்றார் பாடகி.

போத்தலைக் கொடுத்தாள். அவர் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுத்தார். “பெரிய உபகாரம்” என்றார். வேனில் ஏறிப் போய்விட்டார்.

திரும்பும்போது

கிறிஸ்ரி அண்ணன் வரும்போது வேன் நிறையக் கருவாடு. மூட்டைக்கு மேல் இருக்கவும் இடமில்லை. மூட்டைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டோம். அதற்குப் பிறகு அந்தச் சேலையை நான் உடுக்கவே இல்லை.

“நல்லா இரிந்ததா பாட்டு?” என்று கேட்டார். ஜெசிந்தா வெறும் ரெக்கோடரைத் தூக்கிக் காட்டினாள்.

பனிச்சங்கேணியில் அதே தடி. அதே பிள்ளை. கருவாட்டு மூட்டைகளை இறக்கச் சொன்னாள். சூரியன் வாவிப் பக்கம் சரிந்துவிட்டது. மாங்கேணியைப் பூட்டிவிட்டால் இரவு முழுவதும் இரண்டு தடைக்கும் நடுவில், பற்றைக் காட்டில்தான். கிறிஸ்ரி அண்ணன் மூட்டைகளைத் தூக்கி எறிந்தார் என்றே சொல்லவேண்டும். அவள் ஒவ்வொன்றையும் அவிழ்த்துப் பார்த்து, கட்டி, ஏற்றச் சொன்னாள்.

தடியைத் தூக்கக் கயிற்றில் கையை வைத்தவள், தூக்கவில்லை. வேனின் பக்கக் கதவடிக்கு வந்தாள். இப்போது என்ன குறை கண்டுபிடித்தாளோ என்று நினைத்தேன்.

“புதுப் பாட்டு ஏதும் பாடினவங்களா?” என்று கேட்டாள்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

“எனக்கு இண்டைக்குச் சென்றிக் காவல். போக விடல்ல” என்றாள் அந்தப் பிள்ளை. யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் சொன்னாள்.

“எங்களயும்தான் விடல்ல” என்றாள் ஜெசிந்தா. “பாதிக்கு மேல முடிஞ்ச பிறகுதான் போன. உன்னாலதான் தங்கச்சி.”

“தெரியும்.”

அவள் திரும்பிக் கயிற்றடிக்குப் போக இரண்டடி வைத்திருப்பாள். வேனுக்குள்ளிருந்து றபீக்கா மூட்டைகளை விலக்கிக்கொண்டு இறங்கினாள். எங்களில் யார் தடுத்திருக்க முடியும்? தடியடியில், அந்தப் பிள்ளைக்கு முன்னால் போய் நின்று, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, பாடத் தொடங்கினாள்.

அவள் பாடி நாங்கள் அதுவரை கேட்டதில்லை. பெரிய குரல் என்று சொல்லமாட்டேன். மேலே போகவேண்டிய இடத்தில் கீழே வந்தாள். ஆனால் ஒரே ஒரு முறை கேட்ட பாட்டை, எனக்கும் ஜெசிந்தாவுக்கும் துண்டு துண்டாகக்கூட நினைவில்லாத பாட்டை, ஒரு சொல் பிசகாமல் பாடினாள்.

*காலையில வாற பஸ்ஸெண்டு கட்டிக்கொண்டு நிண்டன் நான்,*
*மத்தியானம் வாற பஸ்ஸெண்டு மாத்திக்கொண்டு நிண்டன் நான்…*

கிறிஸ்ரி அண்ணன் வேனின் ஹோர்னை அடித்தார். றபீக்கா நிறுத்தவில்லை. கொட்டிலுக்குள்ளிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். கடைசி அடி வந்தது.

*வாற பஸ்ஸில இடமில்ல,*
*வராத பஸ்ஸில நான் போறன்.*

“வராத பஸ்ஸில நான் போறன்” என்று அந்தப் பிள்ளை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். சிரித்தாள். சிரிக்கும்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. பிறகு அவசர அவசரமாகத் தடியைத் தூக்கினாள். “கெதியாப் போங்க அக்கா, அவன் பூட்டப் போறான்.”

அந்தப் பாட்டு எந்தக் கசட்டிலும் வரவில்லை. அடுத்த சண்டை தொடங்க, குழு சிதறிவிட்டது. சிலர் வெளிநாடு போனார்கள் என்று கேள்வி. நான் அதைக் கேட்டது ஒரு தடவை மேடையில், ஒரு தடவை அந்தத் தடியடியில். அந்தப் பிள்ளைக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. பேரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

மாங்கேணியில் படலையைப் பாதி இழுத்துவிட்ட ஆமிக்காரர், கருவாட்டு மணத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு, இறக்கச் சொல்லாமலே போகச் சொன்னார். அன்றைக்கு எங்களுக்கு வாய்த்த ஒரே அதிர்ஷ்டம் அதுதான்.

படலையைக் கடந்ததும் ஜெசிந்தா வெடித்தாள். “எனக்கு விளங்கல்லகா. அவ்வளவு நேரம் உன்ன வெயில்ல வெச்சவள். ஐசி அட்டையப் பறிச்சு வெச்சவள். அவளுக்குப் போய் ஏன் பாடின?”

றபீக்கா மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அவளும் களைத்திருந்தாள், கோபமாகவும் இருந்தாள்.

“எனக்கும் அவளில கோபந்தான்” என்றாள். “கேட்டாளே புள்ள. என்ன செய்யச் சொல்ற?”